கூடி உட்கார்ந்தால் போதுமா?



பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, "இன்றைக்குக் குழுவாக உட்கார்ந்து வேலை செய்தோம்" என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருக்கும் வகுப்பறையை, பள்ளிக்கு வந்த நாளில் பார்த்தும் இருப்பீர்கள். இதைப் பற்றிப் பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பிள்ளைங்கள இப்படிக் கூட்டி உட்கார வெச்சா பேசிக்கிட்டுத்தானே இருக்கும்? எப்போ படிக்கும், டீச்சர்?"

அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன். பிள்ளைகள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது உங்கள் கவலை. பேசாமல் இருக்கிறார்களே என்பது என் கவலை. கூடி உட்கார்ந்தால் சத்தம் தானாக வந்துவிடும். பேச்சு தானாக வராது. அதைக் கற்றுக் கொடுக்க வேண்டும். இதை நான் ஒரு தவற்றிலிருந்து தெரிந்துகொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புக்கிட் ரம்பாயில் நான் நான்காம் ஆண்டு வகுப்பை எடுத்துக்கொண்டிருந்த சமயம். தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றி ஒரு சுவரொட்டி செய்யும்படி சொல்லி, பிள்ளைகளை ஆறாறு பேராகப் பிரித்துவிட்டேன். வண்ணத்தாள், பசை, கத்தரிக்கோல் எல்லாம் கொடுத்தாயிற்று. ஒரு குழுவில் கெட்டிக்காரச் சிறுமி ஒருத்தி தலைப்பை எழுதினாள், படத்தையும் வரைந்தாள். அவளுடைய தோழி வண்ணம் தீட்டினாள். இரண்டு பையன்கள் கத்தரிக்கோலுக்குச் சண்டை பிடித்தார்கள். ஒருவன் பசையை விரலில் தடவி, காயவிட்டு, உரித்து உரித்து விளையாடினான். ஆறாவது பையன் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை. மணி அடிக்கும்போது சுவரொட்டி அழகாக முடிந்திருந்தது. ஆறு பேருக்கும் ஒரே புள்ளியைப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்த ஆறாவது பையனின் தாயார் பள்ளிக்கு வந்தார். சுவரொட்டியைப் பார்த்தார். கீழே எழுதியிருந்த ஆறு பெயர்களையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு திரும்பி, "டீச்சர், இதுல என் மவன் என்ன செஞ்சான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த அம்மாள் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். கணவர் குலையை வெட்ட, இவர் பின்னால் வந்து பொறுக்குவார். "மட்டை விழுது, தள்ளி நில்லு" என்று ஒருவர் சொல்லாவிட்டால் மற்றவர் உயிருக்கே ஆபத்து. எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது, எந்தக் குலையை அடுத்த சுற்றுக்கு விடலாம், எந்தப் பக்கமாகப் போகலாம் என்று நாள் முழுவதும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வேலை செய்கிறவர்கள். கூட்டு வேலை என்றால் என்ன என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அப்படிக் கேட்டார்.

நேயர்களே, நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். என் தாய் தந்தையர் பால்மரம் வெட்டினார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். மண்டோர் பெயர் படிப்பார். இன்னாருக்கு இன்ன நிரை என்பார். குறுக்கே கேள்வி கேட்கிறவர் யாரும் இல்லை. அதற்குப் பின் சில மணி நேரம் கழித்து நாங்கள் பள்ளியில் வரிசையாக நிற்போம். ஆசிரியர் பெயர் படிப்பார். "உள்ளேன் ஐயா" என்போம். அவர் சொல்வார், நாங்கள் எழுதுவோம். பெரட்டுக் களமும் வகுப்பறையும் இவ்வளவு ஒத்திருந்தது தற்செயலா என்று நான் பின்னாளில் யோசித்ததுண்டு.

பழைய வரலாற்றைப் பார்த்தால் அது தற்செயலன்று என்றே தோன்றுகிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் அத்தோட்டத்தில் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று ஏற்பட்டது. அந்தத் தொடக்கக் காலத்தில் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஓய்வு நேரத்தில் வாத்தியாராகவும் இருந்தார். காலையில் ஆள் கணக்கு எடுத்த அதே குரல், பிறகு பிள்ளைக் கணக்கும் எடுத்தது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் கொட்டகைப் பள்ளிகள் இல்லாதிருந்தால் நம்மில் பலருடைய பாட்டன்மார் தம் பெயரைக்கூட எழுதப் பழகியிருக்கமாட்டார்கள். ஆனால் சொன்னதைக் கேட்டு நடப்பதற்கு உரிய பேச்சு முறை ஒன்று அங்கிருந்து வகுப்பறைக்குள் வந்து நிலைத்துவிட்டது. ஆளுக்கு ஆள் யோசித்துச் செய்யும் வேலைக்கு அந்த முறை உதவாது.

நம் பெரியவர்களுக்குக் கூடிப் பேசத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறிய காலம் அது. மாதம் 10 வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்றார்கள். பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னத் தொகையா? எத்தனை வீட்டு வாசலில் எத்தனை இரவு இதைப் பற்றிப் பேசியிருப்பார்கள்! "பணம் போனால் யார் பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டிருப்பார், இன்னொருவர் விளக்கியிருப்பார், மூன்றாமவர் மறுத்திருப்பார். அதுதான் குழுப் பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு நடக்கும்போது நம்மைப் போன்ற பிள்ளைகளை என்ன செய்தார்கள்? "பெரியவங்க பேசுற இடத்துல உனக்கு என்ன வேலை? உள்ளே போ" என்றார்கள். அதனால் பேசிப் பழக வேண்டிய வயதில் பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கவும் வாய்ப்பில்லாமல் போனது.

பள்ளியில் மேசையின் முகம் மட்டும் மாறியது. 1983-இல் கே.பி.எஸ்.ஆர். என்ற புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடு முழுவதும் முதலாம் ஆண்டில் தொடங்கிற்று. பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்துக் கற்பிப்பது அதன் முக்கியமான ஏற்பாடு. நான் 1986-இல் முதலாம் ஆண்டு சேர்ந்தவள். ஆகவே குழுவில் உட்கார்ந்தே படித்தவள். எங்கள் வகுப்பில் ரோஜாக் குழு, மல்லிகைக் குழு, தாமரைக் குழு என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பூ கெட்டிக்காரப் பூ, எந்தப் பூ மந்தமான பூ என்பது ஒரே வாரத்தில் எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் தாமரை. முகம் பார்த்து உட்கார்ந்திருந்தோமே தவிர, ஆளுக்கொரு பயிற்சித் தாளைத் தனித்தனியாகத்தான் எழுதினோம். பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டால் அதற்குப் பெயர் காப்பியடிப்பது.

இதனால் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்பீர்கள். என் கதையையே சொல்கிறேன். 1992-இல் புகுமுக வகுப்பு. அடுத்த ஆண்டு முதலாம் படிவம். அறிவியல் பாடத்தில் ஐந்து பேர் கொண்ட குழு. மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் இருந்தார்கள். நான் ஒருத்திதான் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவள். ஆணிகளை மூன்று குழாய்களில் போட்டு எது துருப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய நீரில் ஆணியைப் போட்டு மேலே எண்ணெய் ஊற்றினால், காற்றுப் படாததால் துருப்பிடிக்காது. இது எனக்குத் தெரியும். ஆனால் எழுதிக்கொண்டிருந்த மாணவி அந்தக் குழாய்தான் அதிகமாகத் துருப்பிடிக்கும் என்று எழுதினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியான விடை என் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியபடி கிடந்தது. வாய் திறக்கவில்லை. எங்கள் குழுவுக்குப் புள்ளி குறைந்தது. அதன்பின் எந்தக் குழுவும் என்னைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டதில்லை. ஒன்றும் தெரியாதவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மொழி தெரியாததால் பேசவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். தமிழ்ப் பயிற்சி ஆசிரியர்கள் ஐந்தாறு பேர் கூடி ஒரு பாடத்திட்டம் தயாரிக்க வேண்டும். எல்லாரும் தமிழர்; பேச்சும் தமிழ். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை! அப்போதுதான் உறைத்தது. "நீங்கள் சொல்வதில் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தை நான் எந்த மொழியிலும் சொல்லிப் பழகியிருக்கவில்லை.

இதே நிலையில் இருந்த ஒரு பையனைப் பற்றி, கடல் கடந்த ஓர் இடத்திலிருந்து ஒரு செய்தி உண்டு. 1971-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் என்னும் நகரம். அதுவரை தனித்தனியே படித்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிவந்தோர் ஆகியோரின் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். வகுப்பறையில் ஒரே சச்சரவு. எலியட் அரோன்சன் என்ற உளவியல் பேராசிரியரை அழைத்து வழி கேட்டார்கள். அவரும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டவுடன் சில கைகள் உயர்கின்றன. ஒருவன் தவறாகச் சொன்னால் மற்றவனுக்கு மகிழ்ச்சி. கூட இருப்பவன் தோற்றால்தான் தனக்கு வாய்ப்பு என்னும்போது எப்படி ஒற்றுமை வரும்?

அவர் செய்த ஏற்பாடு மிக எளியது. ஒரு பாடத்தைப் பல துண்டுகளாக வெட்டி, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டார். மற்றவர் துண்டை வாங்கிப் படிக்க முடியாது. அவர் வாய் வழியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பிறகு முழுப் பாடத்திலும் எல்லாருக்கும் தேர்வு. துண்டுப் படங்களைப் பொருத்தி முழுப் படமாக்கும் விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரையே இதற்கும் வைத்தார்கள்: ஜிக்சா.

அரோன்சன் ஒரு பையனுக்குக் கார்லோஸ் என்று பெயரிட்டு அவனுடைய கதையை எழுதியிருக்கிறார். ஆங்கிலம் அவனுக்கு இரண்டாவது மொழி. பேசினால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டே படித்தவன். ஜோசப் புலிட்சர் என்ற செய்தித்தாள் அதிபரின் வாழ்க்கையில் ஒரு பகுதி அவன் பங்குக்கு வந்தது. அவன் தடுமாறினான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். அப்போது அருகிலிருந்த உதவியாளர் அவர்களைத் திட்டவில்லை. கேலி செய்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் இன்னும் சற்று நேரத்தில் தேர்வு வருகிறது, அவனிடம் இருப்பதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை என்ற கருத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான். சில நாள்களில் அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். நல்ல கேள்வி கேட்டால் அவன் நன்றாகப் பதில் சொல்கிறான் என்பதைக் கண்டார்கள். அவனுக்கும் கூச்சம் குறைந்தது. பேசத் தெரியாதவன் ஒருவன் மாறினான் என்பதோடு, கேட்கத் தெரியாத மற்றவர்களும் மாறினார்கள். இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இரண்டாவதுதான்.

இதை நான் எங்கள் வகுப்பில் செய்து பார்த்தேன். நம் மலாக்காவின் வரலாற்றையே நான்கு தாளாக்கினேன். 1511-இல் போர்த்துகீசியர் வந்து பிடித்தது ஒரு தாள். 1641-இல் டச்சுக்காரர் அவர்களிடமிருந்து கைப்பற்றியது இரண்டாவது. 1824 உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயர் கைக்குப் போனது மூன்றாவது. 1956 பிப்ரவரி 20-ஆம் நாள் பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரகுமான் நாட்டின் விடுதலை நாளை மக்களுக்கு அறிவித்தது நான்காவது. இம்முறை குழுவில் ஆறு பேர் வைக்கவில்லை, நான்கே பேர். அதற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. நான்கு பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசுவதற்கு 6 இணைகள்தான். ஆறு பேர் என்றால் 15 இணைகள். பத்து வயதுப் பிள்ளையால் அத்தனை பேரையும் கவனிக்க முடியாது. ஆறு பேரில் இருவர் எப்போதும் வேடிக்கை பார்ப்பதற்கு இதுவே பெருங்காரணம்.

முதல் நாள் பெருந்தோல்வி. சுவரொட்டிக் குழுவில் வாய் திறக்காமல் இருந்த அதே பையனுக்கு டச்சுக்காரர் தாள் போனது. அவன் இரண்டு வரி படிப்பதற்குள் பக்கத்திலிருந்த பெண் வெடுக்கென்று தாளைப் பிடுங்கித் தானே கடகடவென்று படித்து முடித்துவிட்டாள். மற்ற இருவருக்கும் நிம்மதி! தவறு என்னுடையதுதான். அரோன்சனின் முறையில் ஒரு படி உண்டு; நேரம் போதாது என்று நான் அதைத் தாண்டிவிட்டேன். ஒரே தாள் கிடைத்த பிள்ளைகள், எல்லாக் குழுக்களிலிருந்தும் எழுந்து வந்து முதலில் தனியாகக் கூடிப் பேச வேண்டும். அடுத்த முறை அப்படிச் செய்தேன். டச்சுத் தாள்காரர்கள் ஐந்து பேர் ஒரு மூலையில் உட்கார்ந்து, தெரியாத சொல்லைக் கேட்டு, எப்படிச் சொல்லலாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் தத்தம் குழுவுக்குத் திரும்பினார்கள். அந்தப் பையனும் ஏழெட்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தான். தாளை என்னிடமே கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். பிடுங்க ஒன்றும் இல்லை. சிவப்புக் கட்டடம் இருக்கிறதே, அதைக் கட்டியது டச்சுக்காரர்தான் என்று அவன் சொன்னதும், "அது எப்ப? சொல்லு, சொல்லு" என்று அந்தப் பெண்ணே கேட்டாள்.

பாடத்தைத் துண்டாக்குவது ஆசிரியர் வேலை. அதற்குமேல் பிள்ளைகளுக்குச் சொற்களையும் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. "நன்றாகக் கலந்து பேசுங்கள்" என்று சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ரப்பர் வெட்டப் பழக்கும்போது, "நன்றாக வெட்டு" என்று சொல்லிவிட்டா போகிறோம்? உளியை எப்படிப் பிடிப்பது, சாய்வு எவ்வளவு, பட்டையில் எவ்வளவு ஆழம், உள்மரத்தில் படாமல் எப்படி என்று கையைப் பிடித்துக் காட்டுகிறோம். பேச்சும் அப்படித்தான். எங்கள் வகுப்புச் சுவரில் சில வாக்கியங்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் பேசும் தமிழிலேயே இருக்கும். "எனக்கு அது விளங்கல, இன்னொரு தடவை சொல்லு." "ஏன் அப்படி நினைக்கிற?" "நீ சொன்னது சரிதான், ஆனா எனக்கு இன்னொண்ணு தோணுது." "நீ இன்னும் ஒண்ணும் சொல்லலையே, உன் எண்ணம் என்ன?" முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் சுவரைப் பார்த்துப் படித்தே பேசினார்கள்; கேட்கவே சிரிப்பாக இருந்தது. மூன்றாவது வாரம் விளையாட்டுத் திடலில் பந்துக்குச் சண்டை பிடித்த ஒருவன், "நீ சொன்னது சரிதான், ஆனா" என்று தொடங்கியதை என் காதால் கேட்டேன். அந்தச் சண்டை அப்படியும் அடிதடியில்தான் முடிந்தது. அது வேறு கதை.

இன்னொரு விதி. ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால், அவர் சொன்னதை முதலில் உன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். "நீ என்ன சொல்றேன்னா" என்று தொடங்கி, அவர் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்ற பிறகுதான் மறுப்பு. காது கொடுத்துக் கேட்டானா இல்லையா என்பது இதில் தெரிந்துவிடும். பெரியவர்கள் நடத்தும் கூட்டங்களிலும் இந்த விதி இருந்தால் பாதி நேரம் மிச்சமாகும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

குழுவில் தலைவர், எழுதுகிறவர், நேரம் பார்ப்பவர், வகுப்பின்முன் சொல்கிறவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு கொடுப்பது எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதான். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: கெட்டிக்காரப் பிள்ளையே எப்போதும் தலைவர், கையெழுத்து நன்றாக உள்ளவளே எப்போதும் எழுத்தர் என்று விட்டுவிடக் கூடாது. வாரம் மாறினால் பொறுப்பும் மாற வேண்டும்.

அதைவிடப் பயன் தந்தது ரப்பர் கொட்டை. நாம் சிறுவயதில் தரையில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடிய அதே கொட்டைதான். பக்கத்துப் பழைய காட்டில் பொறுக்கி வந்து ஒரு டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். கிடைக்காத இடத்தில் புளியங்கொட்டை போதும். குழு கூடும்போது ஆளுக்கு மூன்று கொட்டை. ஒரு முறை பேசினால் ஒரு கொட்டையை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்துவிட்டால், மற்றவர்கள் கை காலியாகும்வரை வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்டாலும் அது பேச்சுத்தான்; ஆனால் பேசாதவனைப் பார்த்து "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டால் மட்டும் கொட்டை வைக்கத் தேவையில்லை. இந்தச் சலுகையை வைத்த நாளிலிருந்துதான் வாயாடிகள் மற்றவர்களைப் பேச வைக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு எப்படியாவது பேச வேண்டும் அல்லவா! சுவரொட்டிக் குழுப் பையன் முதல் நாள் மூன்று கொட்டைகளையும் பாடம் முடியும்வரை உள்ளங்கையிலேயே வைத்திருந்தான். திருப்பி வாங்கும்போது அவை வேர்வையில் நனைந்திருந்தன. அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று இனி நான் நினைக்க முடியுமா?

தமிழ்நாட்டிலும் இந்த வழியில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ரிஷிவேலி என்ற இடத்தில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைமுறையை அடியொற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08-ஆம் ஆண்டில் அது மாநிலமெங்கும் பரவியது. பிள்ளைகள் பாயில் குழுவாக உட்கார்ந்து, ஏணிப்படி போல் அடுக்கிய அட்டைகளைத் தத்தம் வேகத்தில் படித்து ஏறுவார்கள். ஆசிரியர் உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு என்றெல்லாம் பிரிவு உண்டு. அங்கே பிள்ளைகள் அட்டையோடு பேசிய நேரம் அதிகம், தங்களுக்குள் பேசிய நேரம் குறைவு என்பது என் எண்ணம். பின்னாளில் அந்த முறையை மாற்றிக்கொண்டும் விட்டார்கள். ஆனால் ஓர் அம்சம் என்னை மிகவும் கவர்ந்தது. சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை வைத்திருந்தார்கள், ஆளுக்கு ஓரிடம் என்று. எட்டாத பலகையில் ஆசிரியர்தானே எழுத முடியும்! நான் அத்தனை பலகைக்கு எங்கே போவேன்? பழைய நாள்காட்டிகளின் பின்பக்கத்தைக் குழுவுக்கு ஒன்றாகத் தரையில் விரித்துவிடுகிறேன்.

இனி வீட்டுக்கு வருவோம். இது ஏதோ ஆசிரியர் வேலை என்று வானொலியை மூடிவிடாதீர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிகூட இல்லை! 3 விநாடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. மந்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேசினார்கள். வேலை முடிந்து களைத்து வரும் நாம் வீட்டில் எத்தனை விநாடி காத்திருக்கிறோம்? "பள்ளிக்கூடத்துல இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்கிறோம். "ஒண்ணுமில்ல" என்கிறான். "சரி, போய்க் குளி" என்று முடித்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக, "உன் குழுவுல இன்னிக்கு யார் என்ன சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே காத்திருங்கள். அவன் அடுத்தவர் பேச்சைக் கேட்டிருந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். நாலு நாள் கேட்டால், ஐந்தாம் நாள் நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகவே காது கொடுப்பான்.

பொங்கலுக்கு யார் யாருக்கு என்ன எடுப்பது, பாட்டியை எந்த நாளில் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது போன்ற பேச்சுகளில் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும். ஒரு முறை அவனையும் கேளுங்கள். அவன் சொன்னதை ஏற்காவிட்டால் ஏன் என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பது போய்விடுமே என்று ஒரு தாத்தா என்னிடம் வருத்தப்பட்டார். குறுக்கே பேசாதே என்று சொல்வது சரிதான், தாத்தா. அவன் முறை எப்போது வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"தமிழில் இதையெல்லாம் பழக்கி என்ன செய்ய? நாளைக்கு இடைநிலைப் பள்ளியில் எல்லாம் மலாய்தானே?" என்று கேட்கிறவர்களும் உண்டு. என் அனுபவத்தை முன்பே சொன்னேன். கேட்கும் பழக்கமும் மறுக்கும் துணிவும் தாய்மொழியில் வந்துவிட்டால், மற்ற மொழிக்குச் சில சொற்கள்தான் பாக்கி. ஆறாம் ஆண்டில் அதே சுவரில் பக்கத்திலேயே மலாய் வாக்கியங்களையும் ஒட்டிவிடுகிறேன். "பாடா பெண்டாபாட் சாயா", "போலே உலாங் செகாலி லாகி?" என்று தமிழ் வாக்கியத்துக்கு நேராக எழுதியிருக்கும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபின், வகுப்பறையில் பிள்ளை அன்றாடம் என்ன செய்கிறான், எப்படிப் பேசுகிறான் என்பதைப் பார்த்தே ஆசிரியர் அவனுடைய தரத்தைக் குறிக்கிறார். ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்த விடை யார் கண்ணிலும் படாது. புக்கிட் ரம்பாய்ப் பக்கம் தொழிற்பேட்டை வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளும் பல இனத்தவரோடு ஒரே வரிசையில் நின்று, எந்திரத்தில் கோளாறு என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டியவர்கள்தாம்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். ஆண்டு முடியும்போதும் அவன் வாயாடியாகிவிடவில்லை. ஒரு பாடத்தில் இரண்டு கொட்டை வைப்பான். சில நாள் ஒன்றுதான். மூன்றாவதை வைத்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் டின்னில் எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது. சில நாள் கழித்து அவனுடைய தாயார் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். துணி துவைக்கும்போது சட்டைப் பையில் இருந்ததாம். "இது என்னாத்துக்குன்னு கேட்டேன், டீச்சர். நாளைக்குச் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கும்மான்னான்" என்றார்.